கூரைப் பலகையில் யூக்காய்

முப்பத்தெட்டு ஆண்கள் படித்த பூசாரி வகுப்பில் ஒரே பெண்ணாக இடம். பூசாரியாக இருந்து இறந்துபோன அப்பாவின் வெள்ளை அங்கியை வெட்டித் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ள அனுமதி. அறுவடைத் திருவிழாவில் ஊர்த்தெய்வமான காமியின் முன் நின்று மந்திரம் வாசிக்கும் உரிமை. அதற்கு மட்டும் நான்கு ஆண்டுகள். தங்கை கயோ வென்றவற்றைத் தச்சர் தெட்சுஜி இப்படித்தான் விரல்விட்டு எண்ணுவார். நடுநிலைப் பள்ளியோடு உளி பிடித்தவர் அவர். எந்த மரத்தையும் மூன்று முறை அளக்காமல் அறுக்கமாட்டார்.

கயோ எதையும் மூன்று முறை சந்தேகிக்காமல் நம்பமாட்டாள். படையலுக்கு வரும் அரிசி மதுவான சாக்கேயை முகர்ந்த பிறகுதான் உள்ளே விடுவாள். தோரி என்னும் கோயில் நுழைவாசலில் புது வைக்கோல் கயிறு கட்டியவரிடமே, "இழுத்துப் பாத்தியா?" என்பாள். கோயிலின் பெருமையை யாராவது ஆரம்பித்தால் துடைப்பம் நின்றுவிடும். "யாரு சொன்னது? எப்பச் சொன்னாங்க? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

ஊர்த் தலைவர் உசாமி, சோயா காய்ச்சுபவர், வாசலில் வைக்கப்போகும் பலகைக்கு வாசகம் எழுதிக்கொண்டு வந்தார்: 'ஆயிரம் ஆண்டுகளாக ஒரே பூசாரி வம்சம். புத்தமதம் தீண்டாத தூய காமி கோயில்.' கயோவைத் தலைமைப் பூசாரியாக்க ஊர் அரைமனதோடு இசைந்ததே அந்த வம்சத்துக்காகத்தான். அவளோ அந்தத் தாளையும் சாக்கேயைப் போலவே முகத்தருகே பிடித்துப் பார்த்தாள்.

அந்த வருடம் கோயில் கூரையை மாற்றும் வேலை தெட்சுஜியுடையது. ஒவ்வொரு முறை கூரை மாற்றும்போதும் நாளையும் பூசாரி பெயரையும் எழுதிய பலகையொன்றை முகட்டின் அடியில் அறைவது வழக்கம். பழைய பலகைகளை யாரும் எடுப்பதில்லை. அவற்றைப் படித்துப் பார்க்கக் கயோ ஏணி ஏறி வந்துவிட்டாள்.

"அண்ணே, விளக்கச் சாய்ச்சுப் பிடி."

"இதுல என்னடி சந்தேகம்? நம்ம முப்பாட்டன் ஷிகெமாசா எழுதினது."

"அதுக்குப் பக்கத்துல இருக்கிறதப் பாரு."

அது இருபத்திரண்டு ஆண்டு மூத்த பலகை. எழுதியவர் யூக்காய் என்ற புத்தபிக்கு. கோயில் பெயரில் வரும் 'மலை' என்ற எழுத்தின் கடைசிக் கோடு இரண்டு பலகையிலும் ஒரேபோல் இடப்புறம் கொக்கியாக வளைந்திருந்தது. தெட்சுஜி முழக்கோலை வைத்து மூன்று முறை அளந்தார். ஒரே கை.

"அப்ப இருந்த மேய்ஜி அரசாங்கம் காமி கோயில்லேருந்து புத்தர வெளியேத்தச் சொல்லுச்சில்ல? இவருக்குப் போக மனசில்ல. முடிய வளத்து, பேர மாத்தி, இங்கயே பூசாரி ஆயிட்டாரு," என்றாள் கயோ. "மொதல்ல பின்னால கெடக்கிற பாறைதாண்ணே காமி. கோயிலே கெடையாது. அப்புறம் புத்தர் வந்தாரு. ரெண்டு பேரும் எத்தனையோ நூறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழதான் இருந்தாங்க. வெட்டிப் பிரிச்சு நூத்திமுப்பது வருஷந்தான் ஆவுது."

"வாய மூடிக்கிட்டு எறங்கு. இந்த வம்சந்தான் உனக்குப் பிடி. அதையே அறுக்கிறியே!"

"உளுத்த மரத்துல நீ ஆணி அடிப்பியாண்ணே?"

பலகைகள் இரண்டையும் கழற்றித் தோளில் சுமந்து ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனவர் தெட்சுஜிதான்.

உசாமி பலகைகளைத் தொடவேயில்லை. "பொம்பளைய ஏத்துக்கிட்டதே பெருசு. இப்ப மொட்டச் சாமியார் பரம்பரையாம்! பக்கத்து ஊர்ப் பூசாரிய வரச்சொல்லவா?"

"தாராளமாச் சொல்லுங்க, பெரியவரே. ஒண்ணே ஒண்ணு. காமி முன்னால ரெண்டு தடவ கைதட்டிட்டு வாய்க்குள்ள என்னமோ முணுமுணுக்கிறீங்களே, என்ன அது?" என்று கேட்டாள் கயோ.

உசாமியின் காது சிவந்தது. "அது... எங்கம்மா சொல்லிக்குடுத்தது."

"அதான், என்னது?"

"அமிதா புத்தர் பேரு."

பின்வரிசையிலிருந்து மீன்கடைக்காரர், "நானுந்தான்," என்றார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி முணுமுணுப்பவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

உசாமி, வாசலில் வைக்கவிருந்த புதுப் பலகையைக் கயோவின் பக்கம் தள்ளினார். "எழுது. அடியில உம் பேரையும் போடு. நாளைக்கு எவனாவது கேட்டா நீதான் பதில் சொல்லணும், நான் இல்ல."

அதுவரை கோயில் காகிதம் எதிலும் அவள் பெயர் ஏறியதில்லை. எல்லாவற்றிலும் அப்பாவின் முத்திரைதான். தெட்சுஜி பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். கயோ மையை முகர்ந்து பார்த்தாள். யூக்காய் என்று எழுதினாள். அவரே ஷிகெமாசா என்று எழுதினாள். அவர் வழியில், பூசாரி ஹோசகா கயோ. கடைசியில் பேரரசர் ஆட்சிக் கணக்கில் நாள்: ஹெய்செய் பதினோராம் ஆண்டு, அக்டோபர் ஒன்பது.