கையில் கொடு

பதினாறு வருட வேலையில் பானுமதி டீச்சருக்கு மூன்று மாறுதல். மூன்று ஆணையிலும் ஒரே காரணம்தான்: நிர்வாக நலன். உண்மையான காரணம் டீக்கடை வரைக்கும் தெரியும். ஆனால் அதைத் தாளில் எழுத ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

மூன்றாவது முறை சித்தேரி மலையிலிருந்து இறக்கி, நல்லம்பள்ளிக்கு அப்பால் ஒரு நடுநிலைப் பள்ளியில் போட்டார்கள். ஐந்தாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். முதல் வாரமே அந்தக் காட்சி அவர் கண்ணில் பட்டது. சுமித்ரா என்ற பெண் தன் ரப்பரை ஐஸ்வர்யாவுக்குக் கொடுத்தாள். கொடுத்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. ஐஸ்வர்யா இரண்டு கையையும் குவித்துத் தாழ்த்திப் பிடிக்க, ஒரு சாண் உயரத்திலிருந்து ரப்பர் விழுந்தது. ஐஸ்வர்யா காலனிப் பெண். சுமித்ரா ஊருக்குள் பத்து ஏக்கர் வைத்திருக்கும் காளியப்பனின் மகள். இருவர் முகத்திலும் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் பானுமதியைச் சுட்டது. பத்து வயதுக்குள் நான்கு கைகளும் அந்த ஒரு சாணை அளக்கப் பழகியிருந்தன.

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மளிகைக் கடையிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து வகுப்பின் நடுவில் வைத்தார்.

"பென்சில், கலரு, பசை, கத்தரி எல்லாம் இதுல போடுங்க. பேரு எழுதக் கூடாது. வேணுங்கறவங்க கேளுங்க, பெட்டிக்குப் பக்கத்துல இருக்கறவங்க எடுத்துக் குடுங்க. கையில குடுக்கணும், கையில வாங்கணும். மேலருந்து போட்டா பொருளு பெட்டிக்கே திரும்பிடும்."

முதல் நாள் பாதிப் பொருள்கள் பெட்டிக்கே திரும்பின. இரண்டாவது வாரம் பிள்ளைகளுக்கு அவசரம் வந்துவிட்டது. அவசரத்தில் சாண் மறந்துபோனது. அவர்கள் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி வீடுகள், புளியங்கொட்டை ஒட்டிய ரோடு, ராகி தூவிய வயல். ஐஸ்வர்யா சோளத்தட்டையைப் பிளந்து தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்தாள். சுமித்ரா அதற்கு நீலம் அடித்தாள்.

"ஊருக்கு எத்தன தொட்டி டீச்சர்?"

"கட்டறது நீங்க. என்னயக் கேட்டா?"

சுமித்ரா யோசித்தாள். "ஒண்ணு போதும். ரெண்டாவதுக்கு நீலம் பத்தாது."

நிஜ ஊரில் தொட்டி இரண்டு: ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. அங்கே நீலத்துக்குப் பஞ்சமில்லை.

செய்தி வீடுகளுக்குப் போனது. ஒரு மதியம் காளியப்பன், தலைமையாசிரியர் மாதையனை முன்னால் விட்டு வகுப்புக்குள் வந்தார்.

"இதா பாருங்க டீச்சர். எம் பொண்ணுக்கு நான் வாங்கியாந்த கலரு. அத யார் யாரோ எடுக்கறாங்களாம். இந்தப் பெட்டி வேணாங்க."

"யாருங்க எடுக்கறாங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இங்க முப்பத்திரண்டு பசங்கதாங்க எடுக்கறாங்க."

மாதையன் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு டீச்சர் வம்பு? சுகாதாரம்னு ஒரு காரணம் சொல்லி மூடிடலாம்."

"மூடலாம் சார். யாரு கை சுத்தமில்லன்னு பேரு போட்டு ஆர்டர் குடுங்க."

மாதையன் சட்டைப்பையில் இருந்த பேனாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

காளியப்பன் சிரித்தார். "இந்த வாயாலதான் மூணு ஊரு மாறுனீங்களாக்கும்? நாலாவதும் பாத்துடலாங்க."

"பாத்துடலாங்க. ஆனா இந்த வாட்டி காரணம் தாள்ல இருக்கணும். 'எங்க வூட்டுப் புள்ள இன்னாரு புள்ளைக்குக் கையில குடுக்கக் கூடாது' அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே மூடிடறேன்."

"எழுதறதுக்கு என்னா பயமா? பேனா குடுங்க."

பானுமதி நகரவில்லை. "பேனா கேக்கறாரு பாருங்க" என்றார் வகுப்பைப் பார்த்து.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஐஸ்வர்யா. அவள் ஒரு பேனாவை எடுத்துவந்து நீட்டினாள்.

"மேச மேல வெய்யி."

"வெக்கக் கூடாதுங்க. கையிலதான் குடுக்கணும்" என்றாள் அவள். சட்டம் தெரியாத புதுப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

காளியப்பனின் கை பாதி வரை எழுந்து நின்றது. எழுதத் துணிந்தவர் வாங்கத் துணியவில்லை. மாதையனைப் பார்த்தார். மாதையனின் உள்ளங்கை பையை விட்டு அசையவில்லை. ஐஸ்வர்யா நீட்டிய கையும் இறங்கவில்லை.

சுமித்ரா எழுந்து வந்தாள். "அவுரு வாங்கலன்னா எனக்குக் குடு. ஊருக்குப் பேரு எழுதணும்."

விரல் மேல் விரல் பட, அப்பன் கண்ணெதிரே வாங்கிக்கொண்டாள். காளியப்பன் வெளியேறினார்.

"மாறுதல் வந்துரும் டீச்சர்" என்றார் மாதையன்.

"வரட்டும் சார். மளிகைக் கடையும் அட்டைப்பெட்டியும் இல்லாத ஊரு இந்த ஜில்லாவுல இல்ல."

பொங்கல் கழிந்து ஆணை வந்தது. நிர்வாக நலன். இந்த முறை காரிமங்கலம் பக்கம். அவர் ஆணையை மடித்துப் பையில் வைத்தார். பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

புதிதாக வந்த ஆசிரியர் முதல் வேலையாக அதை மூலைக்குத் தள்ளினார். மறுநாள் அது நடுவில் இருந்தது. யார் இழுத்தது, என்ன காரணம் என்று அதட்டினார். சுமித்ரா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள்: "மூலையில் இருந்தால் எல்லாருக்கும் எட்டாது."

கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். தாளை அவர் கையில்தான் கொடுத்தாள்.