கண்ணாடிக்குள் வலை

மாசிலாமணியை எனக்குப் பிடிக்காது. எங்கள் குப்பத்தில் யாருக்குமே பிடிக்காது. காட்டுப்பள்ளித் துறைமுகம் வேண்டாம் என்று நாங்கள் வெயிலில் ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவன் அதற்குள்ளேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கேட்டால், "ரோட்ல குந்திகினா சோறு வருமா?" என்று எங்களையே மடக்குவான்.

அந்த வேலையில் வாங்கியதுதான் வெள்ளைக் கார். சாவியே வேண்டாம், போனிலேயே பூட்டலாம், திறக்கலாம், ஏசி போடலாம். டீக்கடையில் உட்கார்ந்தபடி போனைத் தட்டுவான். தூரத்தில் கார் கண் சிமிட்டும். எங்களுக்கு வயிறு எரியும். சொல்வதற்கென்ன வெட்கம்?

ஏரியில் வலை கட்ட எங்களுக்குப் பாடு உண்டு. நல்ல இடத்தில் இன்று ஒருவன், நாளை இன்னொருவன் என்று முறை. முறை வந்தவன் வெயில் ஏறுவதற்குள் வலையைப் படகில் ஏற்றிவிட வேண்டும். துறைமுகத்துக்காரனுக்குப் பாடு எதற்கு என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை வந்தது. "எங்க நைனா வச்சிட்டுப் போன பாடு. எவன் கேக்கறது?" என்று எகிறினான். பாடு முறையைக் கவனிக்கும் பொன்னுரங்கம் ஒரே பேச்சில் முடித்தார். இந்த முறை தவறினால் மாசிலாமணிக்கு இனிப் பாடே கிடையாது.

அன்று விடிந்ததுமே காரில் வந்துவிட்டான். பின்சீட்டில் புது வலை, முன்னால் மனைவி தெய்வநாயகி. படகைத் தள்ள இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். நனையக்கூடாததைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சட்டையையும் அதற்குள்ளிருந்த சாவியையும் சீட்டிலேயே போட்டான். போனைத் தட்டிக் காரைப் பூட்டி, காரைவிட்டு இறங்கி நின்ற தெய்வநாயகியிடம் போனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

படகைத் தள்ளி நிறுத்திவிட்டு வலையை எடுக்க வந்தான். போனை வாங்கித் தட்டினான். கார் அசையவில்லை. திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி, இணைப்பு இல்லை என்றது. காருக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறதாம். அதற்கும் டவர் கிடைக்க வேண்டுமாம். எங்கள் கரையில் டவர் வரும், போகும். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னாடா, ஒன் காரே ஒன் பேச்ச கேக்க மாட்டேங்குது?" என்றான் அடுத்த முறைக்காரன் வீரராகவன்.

"யாராச்சும் ஒரு வலை குடுங்கப்பா," என்று மாசிலாமணி கேட்டான். கரையெங்கும் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானும்தான்.

தெய்வநாயகி ஒரு கல்லை எடுத்து அவன் கையில் வைத்தாள். "ஒடச்சி வலைய எடு. கண்ணாடி அப்பறம் போட்டுக்கலாம்."

ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. "இரு, டவர் வந்துடும்," என்று கல்லைக் கீழே போட்டான்.

பொன்னுரங்கம் வெயிலைப் பார்த்தார். "வீரராகவா, நீ போ."

வீரராகவனின் படகு கரையை விட்டுத் தூரம் போன பிறகு, கார் கண் சிமிட்டி டக்கென்று திறந்துகொண்டது. கரையே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன்.

தெய்வநாயகி சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்து வலையை இழுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"வண்டில ஏறு, வூட்டுக்குப் போலாம்," என்றான்.

"நீயே போ. ஒனக்குத்தான் கண்ணாடி மிஞ்சிச்சே."

அவள் வலையோடு மணலில் நடந்து போனாள். அவன் போனைப் பிடித்தபடி திறந்த காரின் பக்கத்திலேயே நின்றான்.