மூன்றாவது பக்கம்

டெட்ஸா மலையில் ஜூன் மாதம்தான் குளிர்காலம்; அந்தக் குளிர் பொல்லாதது. தடவிக் கணக்குப் போடும் கணக்குச் சட்டத்தின் துளைகளில் செருகும் ஈய அச்சுகள் காலையில் பனிக்கட்டியாய்க் கிடக்கும். விரல் மரத்துப்போனால் எந்த அச்சு எந்த எண் என்று பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கிருந்த பார்வையற்றோர் பள்ளியில் துணி துவைத்த எஸ்நாத், விடிந்ததும் அச்சுகளை இடுப்புத் துணியில் முடிந்து, வயிற்றுச் சூட்டில் வைத்திருந்து, மணியடிக்கும் முன் மேசையில் போட்டுவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை.

வடிவக் கணக்குக்குப் படம் செய்ததும் அவள்தான். அட்டையில் கற்றாழை நார்க்கயிற்றை ஒட்டுவாள். பிள்ளைகள் தடவிப் பார்த்துக் கோடு, கோணம் படிப்பார்கள். கடைப் பசை குளிரில் வெடிக்கும் என்று மக்காச்சோள மாவில் தானே பசை காய்ச்சினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அம்மா, இந்த வட்டம் நிசிமாக் களி உருண்டை மாதிரி மணக்குது, தின்னுடட்டா?" என்பாள் மாணவி தலாந்திரா.

"தின்னுட்டு எதை வச்சுடி படிப்ப?"

தலாந்திராவுக்குக் கணக்கென்றால் உயிர். ஆனால் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சையில் விலக்குக் கொடுத்துவிடுவார்கள். விலக்கு வாங்கினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போக முடியாது. எஸ்நாத் மன்றாடியதால், தலைமையாசிரியர் கமங்கிரா ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். தேறினால் பரீட்சை எழுதலாம்.

எஸ்நாத் கயிறு ஒட்டித் தந்த கேள்வி அட்டைகளை ஒரு வாரம் பூட்டி வைக்க வேண்டும் என்றார் கல்வி அமைச்சக அதிகாரி. பள்ளியில் பூட்டுள்ள அறை ஒன்றுதான், மக்காச்சோள மூட்டை அறை.

சோதனையன்று எஸ்நாத் சன்னலுக்கு வெளியே போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது பக்கம் எவ்வளவு நீளம்?" அதிகாரியின் குரல்.

"மூணாவது பக்கமே இல்லயே சார். ரெண்டு கோடுதான் இருக்கு."

"நல்லாத் தடவு."

"தடவிட்டேன் சார். இல்ல."

அதிகாரி சிரித்தார். "முக்கோணத்துக்கு மூணு பக்கம்னுகூடத் தெரியல. கமங்கிரா, இதுக்குத்தான்யா விலக்கு." அவர் கண் தன் கையிலிருந்த அச்சடித்த கேள்வித் தாளில்தான் இருந்தது. அட்டையை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அட்டைகளை அடுப்பெரிக்க அவளிடமே கொடுத்தார்கள். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் கயிறு இல்லை. எலிப் பல் பதிந்த தடம்தான் இருந்தது.

ஓடிப்போய்க் காட்டினாள்.

"எலி தின்னுச்சுன்னு அமைச்சகத்துக்கு எழுதவா?" என்றார் கமங்கிரா. "கேள்வி அட்டைய மூட்டை ரூம்ல வச்சேன்னு நானே கையெழுத்துப் போடவா? வாயத் திறந்தா நாளைக்குத் துணி துவைக்க வேற ஆளு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் நான்கு வயிறு. ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போனாள். பாட்டு வரும்போது உதடு மட்டும் அசைந்தது. தலாந்திராவைப் பின்னல் வகுப்பில் போட்டார்கள். "எனக்குக் கணக்கு வராதாம்மா" என்று அவளே சிரித்துச் சொல்ல ஆரம்பித்தாள். கணக்குச் சட்டத்தைத் தொடவே இல்லை.

பருவம் முடிந்து, தலாந்திராவின் மாமன் மினிபஸ்ஸில் அழைத்துப்போக வந்தபோது, எஸ்நாத் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலை வரை போனாள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ தப்பாச் சொல்லலடி. அங்க ரெண்டு கோடுதான் இருந்துச்சு. மூணாவத எலி தின்னுடுச்சு. பசை காய்ச்சினது நான். தெரிஞ்சும் இத்தனை மாசம் வாயத் திறக்காததும் நான்தான்."