காரைக்கால் காசில் கட்டிய வீடு

அம்பகரத்தூரில் காலையில் நான் ஏறும் பேருந்து திருநள்ளாற்றைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஜமீலா டீச்சரின் கணவர் ஹாஜா பாய் அந்த நேரத்தில் என்னை அழைப்பவர் அல்லர். திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர், ஜமீலா மவுத்தாயிட்டா" என்றார். "விடியக்காலையில, சுபுஹு பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். வீட்டுலதான். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்க" என்றார்.

பள்ளியில் சொன்னேன். காலை வணக்கத்துக்கு வரிசையில் நின்ற பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். ஜமீலா டீச்சர் எப்போதும் ஒன்றாம் வகுப்புக்குத்தான் ஆசிரியை. இந்தப் பள்ளி மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் 'அ' எழுதப் பழகியவர்கள், அல்லது அப்படிப் பழகிய பிள்ளைகளைப் பெற்றவர்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியையாக, அவருடைய தோழியாக, நான் சொல்ல விரும்புவது அவர் தம் சொந்த வீட்டைக் கட்டிய கதையை.

அவர் பணியில் சேர்ந்தபோது ஹாஜா பாய் சவுதியில் ஏ.சி. மெக்கானிக். இங்கே ஜமீலாவும் மாமியாரும் குழந்தை சுமையாவும் காரைக்காலில் ஒரு வாடகை மாடி வீட்டில் இருந்தார்கள். அந்தத் தெருவில் புதுவீடு என்றால், கட்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று பொருள். பளிங்குத் தரையும் உயரமான மதிலுமாக வீடுகள் நின்றன. உள்ளே பெண்களும் முதியவர்களும் இருந்தார்கள். இவர்களுடைய திட்டமும் அதுதான். இன்னும் பத்து ஆண்டுகள் அவர் அங்கே உழைப்பது, பிறகு ஒரு வீடு, அதன் பிறகு அவர் வருவது.

ஹாஜா பாய் முதல் விடுமுறையில் வந்தார். மூன்று வயது சுமையா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் தாயின் காதருகே வந்து, "உம்மா, இந்த மாமா எப்ப போவாங்க?" என்று கேட்டாள். அவருக்கும் அது கேட்டுவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில் ஜமீலா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "நாங்க வீடு கட்டிக்கிட்டு இருக்கோமா, வேற ஏதாச்சும் பண்ணிக்கிட்டு இருக்கோமான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு டீச்சர்" என்றார்.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தபோது காலாண்டுத் தேர்வு வேலையாக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போதே மாமியாரின் குரல் கேட்டது. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் ஜமீலா என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்றார்.

மாமியார் எனக்காக நிறுத்தவில்லை. "எல்லா வீட்டு ஆம்பளையும்தான் போறாங்க. இவன் மட்டும் இங்க ஒக்காந்து என்ன செய்யப்போறான்? வாடகை வீட்டுலயே நான் மவுத்தாகணும்னு எழுதியிருக்கா?"

"வீடு கட்டுவோம் மாமி. இங்கேருந்தே கட்டுவோம்."

"எதை வச்சு? ஒன் டீச்சர் சம்பளத்தை வச்சா?"

"அதையும் வச்சுத்தான்" என்றார் ஜமீலா. குரல் உயரவே இல்லை. "வீடு பத்து வருஷம் கழிச்சு வரட்டும் மாமி. அவங்க இன்னைக்கே இருக்கட்டும்."

ஹாஜா பாய் தலை குனிந்து தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தெருவில் நின்றார். அந்த வாரம் விமானம் அவரில்லாமல் போயிற்று. மாமியார் கோபித்துக்கொண்டு இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, கோட்டுச்சேரியில் ஓர் அறையும் சமையற்கட்டும் மட்டும் கொண்ட ஓட்டு வீட்டுக்கு இவர்கள் மூவரும் குடிபோனார்கள்.

அங்கிருந்துதான் நமக்குத் தெரிந்த ஜமீலா டீச்சரின் சைக்கிள் வந்தது. வெயிலோ காற்றோ, பள்ளிக்கு அதில்தான். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடை கொண்டு வரும் மீன்கார அம்மாவிடம், கூடை அடி தெரிந்து விலை இறங்கும் நேரத்தில் சூடை மீன் வாங்குவார். வஞ்சிரத்தின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. "சூடையில முள்ளு ஜாஸ்தி டீச்சர். பொறுமையா எடுத்து எடுத்துத் திங்கணும். அதுக்குள்ள வயிறு நெறஞ்சுடும்" என்பார். சிரிக்காமல் சொல்வார், நாங்கள்தான் சிரிப்போம்.

சிக்கனமாக இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதை ஒளிக்காமல் இருந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மாலையில் ஆசிரியர் அறைக்குச் சமோசா வரும். வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றெல்லாம் அவர் சொல்ல மாட்டார். "எனக்கு வேணாம், நான் வீட்டுக்குச் சேக்குறேன்" என்பார், வெளியில் மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. "இன்னைக்கு எத்தனை செங்கல் சேந்துச்சு ஜமீலா?" என்று யாராவது சீண்டுவார்கள். "ஒரு சமோசாவுக்கு எத்தனை வருமோ அத்தனை" என்று பதில் வரும்.

என் தங்கை கல்யாணத்தை அம்பகரத்தூரில் நடத்தினோம். அழைப்பிதழ் கொடுத்தபோதே, "மொய் இல்ல டீச்சர், கை இருக்கு" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாளே சைக்கிளில் வந்து இறங்கி, வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பந்தியில் சாம்பார் வாளியோடு நடந்தார். மொய் எழுத உட்கார்ந்திருந்த என் மாமா, "டீச்சரம்மா, ஒங்க பேரு எழுதலியே?" என்று கூப்பிட்டுக் கேட்டார். "எழுதாதீங்க, நான் பந்தியில இருக்கேன்" என்று அங்கிருந்தே பதில் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் என் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "அந்தச் சாயபு வீட்டு டீச்சர் வருதா?" என்பதுதான்.

எல்லா நாளும் இப்படிச் சிரித்துக்கொண்டே போகவில்லை. ஹாஜா பாய் இங்கே ஏ.சி., பிரிட்ஜ் பழுது பார்க்க ஒரு சிறு கடை போட்டிருந்தார். கோடையில் வேலை குவியும். ஐப்பசி பிறந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓர் ஆண்டு அடைமழை தொடர்ந்து அடித்தது. மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போக, வீட்டுக்கென்று சேர்த்தது வாடகைக்கும் அரிசிக்கும் கரைந்தது. அதே நேரத்தில், மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு விளையாடப் போன சுமையா திரும்பி வர மறுத்து அடம்பிடித்தாள். அங்கே தரை வழவழவென்று இருக்கிறதாம், நம் வீட்டுத் தரை காலைக் குத்துகிறதாம். ஓடு வேறு இரண்டு இடத்தில் ஒழுகியது.

சவுதியிலிருந்து ஓர் உறவினர் புது விசா இருப்பதாகச் சொல்லியனுப்பினார். இந்த முறை "போயிட்டு வாங்க" என்று சொன்னவர் ஜமீலாதான். மறுநாள் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தோத்துட்டேன் டீச்சர்" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அவருடைய கடைசி நாட்களிலும்கூட.

அன்று பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஏஜெண்டிடம் கொடுக்கப் புறப்பட்ட ஹாஜா பாய், அங்கே போகவில்லை. வழியில் துறைமுகத்துப் பக்கம் வண்டியைத் திருப்பி, மீன்களுக்கு ஐஸ் கட்டி தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குள் போய், "குளிர்பதன மெஷின் எனக்குத் தெரியும், வேலை இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது. மாதச் சம்பளத்தில் இருந்தது. மாலையில் நனைந்துபோய் வீட்டுக்கு வந்து, நனையாத பாஸ்போர்ட்டை மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார். "வீடு பொறவு வரட்டும், அவங்க இன்னைக்கே இருக்கட்டும்னு அன்னைக்கு உம்மாகிட்ட நீ சொன்னியே, அது ஒனக்கு மட்டும்தான்னு நெனச்சியா? எனக்கும் சேத்துத்தான்" என்றாராம்.

அடுத்த நாள் ஆசிரியர் அறை முழுவதற்கும் சமோசா ஜமீலா கணக்கு. தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். என்ன விசேஷம் என்று எல்லாரும் கேட்டார்கள். "ஜெயிச்சுட்டோம்" என்று மட்டும் சொன்னார். பல பேருக்குக் காரணம் இன்றுதான் தெரியப்போகிறது.

அதன் பிறகு மனை. பூவத்தில் மனைகள் விற்பதாக ஒரு தரகர் சித்திரை வெயிலில் அழைத்துப்போய்க் காட்டினார். பார்த்துவிட்டு, "மழை பெய்யட்டும், அப்பறம் சொல்றோம்" என்றார் ஜமீலா. தரகருக்குக் கோபம். "அதுக்குள்ள வித்துடும்மா."

"வித்தா விக்கட்டுங்க."

ஐப்பசியில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், "வாங்க டீச்சர், மனை பாக்கப் போவோம்" என்று கூப்பிட்டார். குடை இரண்டும் காற்றில் மடங்க, சேற்றில் செருப்பு மாட்ட, நாங்கள் இருவரும் போனோம். சித்திரையில் எல்லாருக்கும் பிடித்திருந்த முதல் வரிசை மனைகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தவளைகள் கத்தின. பின்னால் தள்ளி, யாரும் கேட்காத ஒரு மூலை மனையில் தண்ணீர் நிற்காமல் வாய்க்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஜமீலா அதில் இறங்கி நின்று, கணுக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெயில்ல பாத்தா எல்லா மனையும் நல்ல மனைதான்" என்று அந்த மழையில் நின்று சத்தமாகச் சிரித்தார். அதைத்தான் வாங்கினார்கள்.

பாதிக்கு வங்கிக் கடன், மீதிக்கு அவர்கள் சேர்த்தது. மின் இணைப்பு வேலை முழுக்க ஹாஜா பாய் கையால். பள்ளி விட்டு வந்து புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது சுமையா. இரண்டு அறை, ஒரு கூடம். சிமெண்டுத் தரை. வெளிச்சுவருக்குப் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. அப்படியே குடிபுகுந்தார்கள். பால் காய்ச்சி, குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி, வந்தவர்களுக்கு இனிப்புக் கொடுத்தார்கள்.

அங்கே ஒன்று நடந்தது. ஹாஜா பாயின் மாமா ஒருவர், ஆயுளில் பாதியை வெளிநாட்டில் கழித்தவர், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "எந்த நாட்டுக் காசு மாப்புளே?"

"காரைக்கால் காசு மாமா" என்றார் ஹாஜா பாய்.

அன்று காலையில்தான் துணிப்பையோடு வந்து இறங்கியிருந்த மாமியார், மூலையில் உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்தார். "மருமவ காசுன்னு சொல்லுடா" என்றார். ஜமீலா சட்டென்று சமையற்கட்டுக்குள் போய்விட்டார். பின்னாலேயே போன நான் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். நானும் துடைத்துக்கொண்டேன். அந்த மாமியார் கடைசி வரை அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் விரும்பியபடியே சொந்த வீட்டில்தான் மறைந்தார்.

பூச்சும் வண்ணமும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சுமையா படித்து முடித்து நாகப்பட்டினத்தில் வேலைக்குப் போனாள். சென்ற ஆண்டு ஜமீலாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் போய் வைத்தியம் செய்தார்கள். முடிந்த வரை பள்ளிக்கு வந்தார். முடியாதபோது, "ஒண்ணாம் வகுப்பைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் போனேன். கூடத்தில் ஹாஜா பாய் தனியாக உட்கார்ந்திருந்தார். சுமையா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவராகவே சொன்னார்:

"எங்க தெருவுல என் வயசுக்காரங்க எல்லாம், பொண்டாட்டியோட இருந்த காலத்தை லீவு லீவா எண்ணிச் சொல்லுவாங்க டீச்சர். இந்த வருஷம் ரெண்டு மாசம், அந்த வருஷம் ஒரு மாசம்னு. எனக்கு எண்ண வரல. அவ்வளவு நாள் குடுத்துட்டுப் போயிருக்கா."

இதைவிடப் பெரிய அஞ்சலி எதையும் என்னால் எழுத முடியாது. என் பங்குக்கு, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை வீட்டார் காரைக்காலிலேயே பெரிய மண்டபம் ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். இத்தகைய இடங்களில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாங்க" என்று இழுக்கிற ஆள். அன்று நிமிர்ந்து, சாதாரணக் குரலில், "எங்களால அவ்வளவு முடியாதுங்க" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்களாலயும் முடியாதுதாங்க. நீங்களா சொல்ல மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நிமிர்ந்து சொல்லும் தெம்பு, ஜமீலா டீச்சர் எனக்குத் தந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.