அண்ணாவின் மாடியும் எங்கள் நடுச்சுவரும்

நிலம் ஆடினால் ஊரே வெளியே ஓடும். என் அம்மா சுவாமி அறைக்கு ஓடுவாள். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே புத்திதான். அன்று காலை அடுக்களைப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடியதும் நான் தோசைக் கரண்டியோடு தெருவுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா வரவில்லை. ஆட்டம் நின்றதும் உள்ளே போய்ப் பார்த்தால், கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தச் சுவர்தான் என் வயிற்றெரிச்சல். இங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தக் காலத்தில் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அடுத்த வீட்டுக்காரர் என் பெரியப்பா பிள்ளை, எனக்கு அண்ணா. யாரையும் கேட்காமல் அதன் தலையில் ஒரு கான்கிரீட் மாடியை ஏற்றி வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போது அம்மாவின் தலைக்கு மேலே விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"சாரமில்லே, ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் சிமெண்ட் பூசினா போறும்," என்றார் அண்ணா. "நம்ம ஊர்ல எங்கேடி பூகம்பம்? இதுக்கெல்லாம் பயமா? சும்மா பேடிக்காதே."

"இன்னிக்கு ஆடினது என்னவாம்? உங்க மாடி எங்க தலையில விழறதுக்கு இன்னொரு ஆட்டம் போறாதா?"

எஞ்சினியரைக் கூப்பிடச் சொன்னேன். மனுஷர் வாத்தியாரைக் கூப்பிட்டார். சாந்தி ஹோமமாம்! விரிசலுக்கு நேர் கீழே மணை போட்டு அம்மாவை உட்கார்த்தி வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் பாயசம் குடித்துவிட்டுப் போன பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"சுவர் விழும்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன? மாடி கட்டறச்சயே தெரியும்," என்றாள், குரலே உயராமல். "வாயைத் திறந்து சொன்னா அவன் மனசு நோகாதா? நாளைக்கு அவாத்துல கல்யாணம் கார்த்திகைன்னா எந்த மூஞ்சிய வெச்சுண்டு போறது?"

கடவுளே! பயமில்லாமல் அல்ல, பக்தியாலும் அல்ல. சொந்தக்காரன் முகம் சுளிக்கக் கூடாதென்று சாகத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கே சுவாமி படங்களை எல்லாம் கழற்றி வாசல் அறைக்குக் கொண்டுபோனேன். அவளுடைய கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டேன். சுவாமி அறையைப் பூட்டினேன். பிறகு தெருவில் நின்று, நாலு பேர் கேட்க, அண்ணாவிடம் மாடியை இடிக்கச் சொன்னேன். குடும்ப மானம் போய்விட்டதாம். அம்மா என்னோடு பேசுவதில்லை.

பேச வேண்டாம். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.