மூன்று டிஸ்க், ஒரு அப்பா

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் திருவுளச்சீட்டு குலுக்கினார்கள்.

எதற்கு? மூன்று ஹார்ட் டிஸ்க்குகளுக்கு. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம், ஒரே கடையில் சேர்த்து வாங்கியவை. மூன்றுக்குள்ளும் ஏறப்போவது ஒரே சமாச்சாரம். பின்னே சீட்டு எதற்கு என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

"பொறவு ஒரு பேச்சு வந்திரக் கூடாதுல்லா சார்" என்றார் மூத்தவர்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே கணக்கு எடுக்கிறவர் உலகம்மாள். சுந்தரபாண்டியபுரத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். அவருக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆகி, பாளையங்கோட்டையில் இருக்கிறார். தம்பி ராணுவத்தில். அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். பாகப்பிரிவினை நடந்தது. அப்போது மற்ற வீடுகளில் என்ன நடக்குமோ, அது இவர்கள் வீட்டிலும் நடந்தது. கிணறு இருந்த பக்கத்து வயல் அண்ணனுக்குப் போயிற்று. பேச்சுவார்த்தை நின்று போயிற்று.

பிரிக்காமல் மிச்சம் கிடந்தது அப்பா எடுத்த போட்டோக்கள்தான்.

அப்பா ஒரு தினுசான விவசாயி. சூரியகாந்தி பூக்கிற சமயத்தில் வெளியூர்க் கூட்டம் வயலுக்குள் இறங்கி செல்ஃபி எடுக்கும். மற்றவர்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு விரட்டுவார்கள். இவர் போனைத் தூக்கிக்கொண்டு போய், படம் எடுக்கிறவர்களைப் படம் எடுப்பார். ஒரு பழைய லேப்டாப் நிறைய, யாரென்றே தெரியாத ஜனங்கள் பூவுக்கு நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவற்றை வைத்து என்ன செய்வது? பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரிடம் இருந்து, இன்னொருவரிடம் இல்லாமல் போகக் கூடாது!

"அண்ணாச்சி, நீங்கதான் கம்ப்யூட்டரப் பத்தியெல்லாம் எழுதுதீங்களே... மூணு டிஸ்க்லயும் ஒண்ணுபோல ஏத்துத மாதிரி லேசான சாப்ட்வேர் ஒண்ணு சொல்லுங்களேன். லேப்டாப்ல இருக்கது, அண்ணன் போன்ல, தம்பி போன்ல இருக்கது, எல்லாம் ஒண்ணாச் சேந்து மூணுலயும் வரணும்" என்று கேட்டார் உலகம்மாள்.

லேசான சாப்ட்வேர். கேட்பதற்கு லேசாகத்தான் இருந்தது.

முதலில் இறக்கியது, திறந்ததுமே என் இமெயிலைக் கேட்டது. பிறகு பாஸ்வேர்டு. பிறகு, 'உங்களுக்கு முழு பேக்கப் வேண்டுமா, இன்க்ரிமென்டலா, டிஃபரென்ஷியலா?' என்றது. போட்டோவை வேறு இடத்தில் போட்டு வைக்க வந்தவனிடம் இப்படியா கேட்பது? ஓட்டலில் காப்பி கேட்டால், மாடு எந்த ஊர் வேண்டும் என்று கேட்கிற மாதிரி!

இரண்டாவது சாப்ட்வேர் எதையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அமுக்கி ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி டிஸ்க்கில் போட்டது. அந்த மூட்டையை அந்த சாப்ட்வேர்தான் பிரிக்க முடியும். நாளைக்கு அந்தக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டால்? அப்பா மூட்டைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதில் 'மிரர்' என்று ஒரு வசதி. இங்கே என்ன இருக்கிறதோ அது அங்கேயும் இருக்கும். பிரமாதம் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்ற பாதி தெரிந்தது. இங்கே ஒன்றை அழித்துவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினால், அங்கேயும் மறு பேச்சில்லாமல் அழித்துவிடுகிறது. கை தவறி அழித்தது மூன்று டிஸ்க்கிலும் போய்விடும் என்றால், மூன்று டிஸ்க் எதற்கு?

இதற்கெல்லாம் எதற்கு சாப்ட்வேர், மவுஸால் இழுத்துப் போட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். பாதி வழியில் நின்று போனால், எது ஏறியது, எது ஏறவில்லை என்று உங்கள் தாத்தா வந்தாலும் சொல்ல முடியாது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. இடது பக்கம் 'எங்கிருந்து', வலது பக்கம் 'எங்கே'. வலது பக்கத்தில் எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஃபைல்கள் ஃபைல்களாகவே இருக்கும்; டிவியில் செருகினாலும் படம் தெரியும். புதிதாக வந்ததை மட்டும் ஏற்றும். நாம் சொல்லாமல் எதையும் அழிக்காது. முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உண்டா இல்லையா என்று சொல்லும். ஒரே ஒரு பட்டன். பார்க்க லட்சணமாக இருக்காது. லட்சணம் யாருக்கு வேண்டும்?

சகோதரச் சண்டைக்குப் பயந்துதான் உலகம்மாள் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல என்று என் மனைவிதான் சொன்னாள்.

அப்பாவுக்கு டைப் அடிக்க வராது. தூரத்தில் இருக்கிற இரண்டு மகன்களுக்கும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார். உலகம்மாள் வீடு இரண்டு தெரு தள்ளி. சாப்பாடு, மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாமே அவர் பொறுப்பு. பக்கத்தில் இருக்கிற மகளுக்கு யாராவது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்களா? வாசலில் வந்து நின்று "ஏட்டி உலகு" என்று கூப்பிட்டால் போதுமே.

"எங்கப்பா குரல் அண்ணங்கிட்டயும் தம்பிகிட்டயும்தான் டீச்சர் இருக்கு. கூடவே இருந்து பாத்த எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்று ஸ்டாஃப் ரூமில் அழுதாராம்.

நேராகக் கேட்க மனது வரவில்லை. கிணற்றை விட்டுக்கொடுத்துவிட்டு, இதற்குப் போய்க் கை நீட்டுவதா? அதனால்தான் 'மூன்று பேருக்கும் ஒண்ணுபோல' என்ற ஏற்பாடு.

சீசன் வந்தது. சீசன் என்றால் தென்காசிக்காரன் யாரையும் வீட்டுக்கு அழைக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் காட்டினால் போதும், சொந்தக்காரர்கள் துண்டோடு வந்து இறங்கிவிடுவார்கள். தம்பி லீவில் வந்திருந்தார். அண்ணன் குளிக்க வந்தார். ஒருவர் வீட்டில் ஒருவர் உட்காரமாட்டார்கள் என்பதால் என் வீடு. ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை காயாமல் இரண்டு பேரும் வந்தார்கள். உலகம்மாள் அப்பாவின் லேப்டாப்போடு முன்பே வந்திருந்தார்; அதில் இருந்த படங்களை என் லேப்டாப்புக்கு மாற்றி வைத்திருந்தேன். சீட்டு குலுக்கினார்கள். இளையவர் முதலில் எடுத்தார், அதுதான் முறையாம்.

தம்பி போனை நீட்டினார். அதில் இருந்த மெசேஜ்களை என் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டேன். அதிகம் இல்லை. பார்டரில் சிக்னல் கிடைக்காது என்று அப்பா பெரும்பாலும் அண்ணனிடம்தான் பேசியிருக்கிறார்.

அண்ணன் தன் போனைப் பையில் இருந்து எடுக்கவில்லை.

"சார்ஜ் இல்ல" என்றார். என் சார்ஜரைக் கொடுத்தேன். "கேபிள் சேராது" என்றார். சேர்ந்தது. "அதுல விசேஷமா ஒண்ணுமில்ல சார், நான் பொறவு அனுப்புதேன்" என்றார். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடித்த மனுஷருக்கு, சொந்தமாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

உலகம்மாளின் முகம் மாறிவிட்டது.

"கெணத்துப் பக்கம் வேணும்னு சொன்னே, சரின்னேன். இதையுமாண்ணே தர மாட்டே?"

அண்ணன் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வராண்டாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"சார்... அந்த சாப்ட்வேர்ல, சிலத மட்டும் விட்டுட்டு மத்தத ஏத்த முடியுமா?"

முடியும். அதற்கும் ஒரு வசதி இருக்கிறது. எதை விட வேண்டும் என்று கேட்டேன்.

"அப்பா பேசுனது பூரா அவளப் பத்திக் குறைதான் சார். சோறு சரியில்ல, சத்தம் போடுதா, வெளிய விட மாட்டேங்கா... பாவம், ராப்பகலா பாத்தது அவதான். இதக் கேட்டா தாங்குவாளா? குறை சொன்னதையெல்லாம் கழிச்சுட்டுக் குடுப்போம்னு நானும் ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாத்தேன். கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்ல."

அதுவரை அவர் மேல் எனக்கு நல்ல எரிச்சல் இருந்தது. அது அந்த இடத்திலேயே போய்விட்டது.

திரும்பினால், கதவருகே உலகம்மாள் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"போடுண்ணே. கேக்கேன்."

வேறு வழியில்லை. அண்ணன் ஒன்றை அமுக்கினார். கரகரவென்று ஒரு குரல்.

"ஏலே, உன் தங்கச்சி கொழம்பு வச்சிருக்கா. உப்புன்னு ஒரு சாமான் கடைல விக்குதுன்னு நீயாவது அவட்ட சொல்லுலே..."

அண்ணன் அவசரமாக நிறுத்தினார். உலகம்மாள் போனைப் பார்த்து விரலை நீட்டினார்.

"டாக்டர்தான் உப்பக் குறைக்கச் சொன்னாருன்னு எத்தன மட்டம்பா சொல்லிருக்கேன்!"

அடுத்ததில், வாங்கி வந்த அல்வாவை ஒளித்து வைத்துவிட்டாளாம். "சுகர் ஏறிக் கெடந்தது ஒங்களுக்கு மறந்துட்டோ?" என்றார் உலகம்மாள். இன்னொன்றில், வெந்நீரை ஆறவிட்டுத் தருகிறாளாம். அதற்கும் ஒரு பதில். அப்பா குறை சொல்வதும், மகள் பதிலுக்குப் பதில் கொடுப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் இது வந்தது.

"ஏலே, மணி ஆவுது, உலகு இன்னும் வரல. பஸ்ஸு லேட்டு போல. நான் மெயின் ரோட்டுக்குப் போயி நிக்கப் போறேன். அவட்ட சொல்லிராத, வெயில்ல எதுக்கு வந்தேன்னு ஏசுவா."

உலகம்மாள் இந்த முறை போனை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதயுமாண்ணே குறைன்னு நெனச்சே?"

அண்ணன் போனை என் கையில் கொடுத்துவிட்டார். எல்லா மெசேஜையும் எடுத்து, அந்த ஒரே பட்டனை அமுக்கினேன். முடிந்ததும் மூன்று டிஸ்க்குக்கும் 'வித்தியாசம் ஏதும் இல்லை' என்று காட்டியது.

நான் நம்பவில்லை... மெயின் ரோட்டு மெசேஜை மட்டும் மூன்று டிஸ்க்கிலும் திறந்து, முழுசாகக் கேட்ட பிறகுதான் கேபிளைக் கழற்றினேன்.