நீலாவுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

போன வருடம் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பூனைக் கண்காட்சி நடந்தது. என் நீலாவை முதன்முதலாகப் போட்டிக்குக் கொண்டுபோன நாள் அது.

நீலா ரஷ்யன் புளூ இனம். நான் முன்பு வேலை செய்த பல் கிளினிக்கின் டாக்டரம்மா வெளிநாட்டுக்குக் குடிபோனபோது, வம்சாவளிச் சான்றிதழோடு அவளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உடம்பு முழுக்க நீலம் கலந்த சாம்பல் நிறம், முடி நுனியில் வெள்ளி மினுக்கு, பச்சைக் கண்கள். தைப்பிங்கில் இருக்கும் என் நாத்தனார் மட்டும், "என்னா அண்ணி, அடுப்புச் சாம்பல்ல பொரண்டு வந்த மாதிரி இருக்கு" என்று பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வாள். அவள் வாயை அடைக்கவாவது ஒரு பரிசு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு.

அன்று காலை கிளம்பும்போதுதான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். அத்தனை பேர் கண்ணும் பிள்ளைமேல் படுமே என்று, நீலாவின் தாடைக்குக் கீழே கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். முடிக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

கண்காட்சிக்குப் போய்க் கூண்டைத் திறந்தேன். வழியெல்லாம் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். மை நெஞ்சுவரை இழுபட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், இன்னும் பரவியது. முடியில் சாயம் பூசியது தெரிந்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று விதிமுறைத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் பிரிவுக்கு இருபது நிமிடம்தான் பாக்கி.

பக்கத்துக் கூண்டிலும் ஒரு ரஷ்யன் புளூ. அதை வளர்க்கும் சீன அக்கா எட்டிப் பார்த்தார். நடுவரிடம் சொல்லிவிடுவாரோ என்று நீலாவின் கழுத்தைத் துணியால் மறைத்தேன். அவரோ தமிழில் கேட்டார். "கண்ணு படாம இருக்க பொட்டு வச்சியா?"

தமிழ் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய அப்பா சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளர்ந்தவராம்.

"எனக்கும் லயத்து அக்கா ஒருத்தவங்க தெனம் வச்சி விடுவாங்க. தண்ணி போடாதே, எண்ணெ மை லா. இவள கெட்டியா புடிச்சிக்கோ."

தன் பையிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் சோளமாவை எடுத்தார். தூவி, விரலால் மெல்லத் தேய்த்து, சீப்பால் வாரி, மறுபடியும் தூவி, கறுப்பு போகும்வரை விடவில்லை. தன் பூனையைச் சீவிவிட வேண்டிய நேரத்தையெல்லாம் எனக்கே செலவழித்துவிட்டார். நான் அதைச் சொன்னதற்கு, பேசாமல் பூனையைப் பிடி என்று அதட்டினார்.

நடுவர் நீலாவை மேசையில் நிறுத்தி, முடியை ஊதி ஊதிப் பிரித்துப் பார்த்தார். முடிவில் எங்கள் பிரிவில் நீலாவுக்கு முதல் இடம், அக்காவின் பூனைக்கு இரண்டாம் இடம். ரிப்பனை வாங்கியபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. கூடவே ஒரு கூச்சமும் இருந்தது. தயங்கித் தயங்கி அக்காவிடம் போனேன். அவர் தன் பூனையைத் தூக்கி என் முன்னால் நீட்டினார்.

"அந்த மை இருக்கா? இவளயும்தான் இன்னிக்கு நெறைய பேரு பாத்துட்டாங்க. போட்டி முடிஞ்சிருச்சில்ல, வச்சி விடு."

கைப்பையிலிருந்து மை டப்பியை எடுத்து, அதே இடத்தில், தாடைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது நாத்தனாரின் கைப்பேசித் திரையில் நீலாவின் படம்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரிப்பனைப் பார்த்துவிட்டு நீலாவைப் புகழ்கிறார்கள். எனக்கோ, நான் ஒளித்து வைத்த பொட்டை எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிக்கொண்ட அந்த அக்காவை நினைக்கும்போதுதான் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.